வெள்ளாங்கரட்டில் யாருமில்லை

வெள்ளாங்கரட்டில் அறுநூற்று நாற்பத்தொரு பேர் வாழ்ந்தார்கள். அத்தனை பேரும் வேலை செய்தார்கள். அதுதான் அவர்களுக்கு வினையாக முடிந்தது.

கிருஷ்ணகிரிக்கும் தர்மபுரிக்கும் நடுவில், பேருந்து திரும்பிப் போவதற்கென்றே இருப்பதுபோல் கடைசியில் இருக்கும் ஊர் அது. விடியுமுன்பே ஓசூர்ப் பக்கத்துப் பூப்பண்ணை வேன் வந்து ஐம்பது பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். அடுத்த வேனில் ஆண்கள் கட்டட வேலைக்குப் போவார்கள். மிஞ்சியவர்கள் மரவள்ளிக்கிழங்கு பிடுங்கவும் தக்காளி பறிக்கவும் கிளம்புவார்கள். எழுபது வயதைத் தாண்டியவர்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கரட்டின் மேல் ஏறிவிடுவார்கள். பிள்ளைகள் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போவார்கள். கைக்குழந்தைகள் வரப்போரம் வேப்பமரத்துத் தூளியில் கிடக்கும். எட்டு மணிக்கெல்லாம் நூற்று அறுபத்தெட்டு வீடுகளிலும் பூட்டுத் தொங்கும்.

அப்படிப்பட்ட ஊருக்குத்தான் தேசிய ஊரக உழைப்பு மதிப்பீட்டுப் பேரவையிலிருந்து இரண்டு மதிப்பீட்டாளர்கள் ஜீப்பில் வந்தார்கள். இந்தப் பேரவையின் தலைமையகம் ஐதராபாத்தில் இருக்கிறது. கிராமங்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள் என்பதை மற்ற அரசு அலுவலகங்களுக்கு அதுதான் சொல்ல வேண்டும். அது சொன்ன பிறகு மற்ற அலுவலகங்கள் தாமாக எதையும் பார்ப்பதில்லை. மதிப்பீட்டாளர்கள் காலை பத்து மணிக்கு வந்து மாலை ஐந்து மணிக்குத் திரும்பினார்கள். பூட்டிய வீடு என்றால் மூன்று முறை போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. விதிப்படி மூன்று நாளும் வந்தார்கள். மூன்று நாளும் பத்து மணிக்கே வந்தார்கள்.

மூன்றாம் நாள் ஒரு மனிதர் கிடைத்தார். முந்தின நாள் புளி உலுக்கப் போய் மரத்திலிருந்து விழுந்து கால் முறிந்து, கட்டுப் போட்டுக் கட்டிலில் கிடந்த சந்தானம். ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவரிடம் கேட்டார்கள்.

"ஊர்ல யாரும் இல்லீங்க. எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்க" என்றார் சந்தானம்.

அவர்கள் கையிலிருந்த கருவியில் அந்தக் கட்டத்துக்கு இருபது எழுத்துதான் இடம் கொடுத்திருந்தார்கள். முதல் வாக்கியம் கச்சிதமாக அடங்கியது. இரண்டாவது அடங்கவில்லை. சந்தானத்தையாவது கணக்கில் சேர்த்தார்களா என்றால், அதுவும் இல்லை. அவர் 'தகவல் தந்தவர்' என்ற பத்தியில் போய்விட்டார். ஒருவர் ஒரே சமயத்தில் தகவல் தந்தவராகவும் வசிப்பவராகவும் இருக்கப் படிவத்தில் வழியில்லை.

இரண்டு மாதம் கழித்து வெள்ளாங்கரடு 'மக்கள் வசிக்காத கிராமம்' என்று அறிவிக்கப்பட்டது. முதலில் பேருந்து நின்றது. பிறகு ரேஷன் கடையைப் பக்கத்து ஊரோடு சேர்த்தார்கள். கடைசியாக, வியாழக்கிழமைதோறும் ஸ்கூட்டரில் வரும் கிராம செவிலியர் லூர்துமேரி வந்து, இனி தன்னால் வர முடியாது என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுடைய டேப் கருவியில் ஊரின் பெயரே வரவில்லை. பெயர் வராவிட்டால் மருந்து எடுக்க முடியாது. அப்போது ராஜிக்கு ஆறாம் மாதம்.

ராஜியின் கணவன் அய்யாக்கண்ணு கட்டட வேலைக்குப் போகிறவன். சென்ட்ரிங் பலகை அடிப்பதில் கெட்டிக்காரன். பேச்சில் அவ்வளவு இல்லை. கலெக்டர் ஆபீஸில் போய்க் கேட்டபோது, அது ஐதராபாத்திலிருந்து வந்த கணக்கு, ஐதராபாத்காரர்கள்தான் மாற்ற முடியும் என்று சொல்லி அனுப்பினார்கள். ஊர் கூடி, அய்யாக்கண்ணுவின் அக்கா கனகவல்லி ஐதராபாத்தை ஒட்டிய செகந்திராபாத்தில் வாழ்க்கைப்பட்டிருப்பதால் அவனே போக வேண்டும் என்று முடிவு செய்தது. ராஜிக்குத் தாய் இல்லை. ஊரில் செவிலியரும் இல்லை என்று ஆகிவிட்டதால் அவளையும் கூட்டிக்கொண்டு ரயிலேறினான்.

கனகவல்லியின் புருஷன் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தார். அவள் செகந்திராபாத் வந்து இருபது வருஷம் ஆகிவிட்டது. தமிழில் தொடங்கும் பேச்சு நடுவில் தெலுங்குக்குப் போய், உருதுவில் முடியும். தம்பி சொன்ன கதையை முழுக்கக் கேட்டாள். "இது ஒரு விஷயமாடா. நேரா போய், நாங்க இருக்கோம்னு சொன்னா முடிஞ்சது" என்றாள். மறுநாள் மூன்று பேரும் சனத்நகருக்கு ஆட்டோவில் போனார்கள்.

பழைய பட்டறைகளுக்கு நடுவில் பேரவையின் ஆறு மாடிக் கட்டடம் கண்ணாடியாக நின்றது. வரவேற்பு மேசையில் ஹர்ஷா என்ற இளைஞன், அனுமதிச் சீட்டுக் கொடுப்பதற்காக அய்யாக்கண்ணுவின் ஊரைக் கேட்டான். கம்ப்யூட்டரில் நாட்டிலுள்ள எல்லாக் கிராமங்களும் இருந்தன. வெள்ளாங்கரடு இல்லை. மக்கள் வசிக்காத ஊரிலிருந்து ஒருவர் வந்திருக்க முடியாது என்பதால் அதை எடுத்துவிட்டிருந்தார்கள். கனகவல்லி தெலுங்கில் வாதாடினாள். பிறகு தம்பியிடம் திரும்பினாள்.

"ஹவ், ஆமாடா, அப்படித்தான் சொல்றான். என் வீட்டு அட்ரஸ் போட்டு உள்ள போயிரு. சண்டை நக்கோ, வேண்டாம்."

அய்யாக்கண்ணு செகந்திராபாத்காரனாக உள்ளே போனான்.

அவர்கள் மூன்றாவது மாடிக்குப் போனபோது மணி பதினொன்று. எங்கோ மின்மணி ஒலித்தது. எல்லோரும் எழுந்து, சுவரிலிருந்த ஏர் உழும் படத்தைப் பார்த்து நின்றார்கள். அதற்குக் 'கிராம நினைவு' என்று பெயர். தினமும் இரண்டு நிமிடம் கிராமத்து மக்களை மனத்தில் நினைக்க வேண்டும் என்பது பேரவையின் வழக்கம். அய்யாக்கண்ணு வாயைத் திறக்கப் போனான். ஒரு பியூன், கிராமத்தை நினைக்கும்போது தொந்தரவு செய்யக்கூடாது என்று சைகை காட்டினான்.

துணை இயக்குநர் அனந்தராமன் அன்பான மனிதர். தமிழர்கள் நிறைய வசிக்கும் மாரெட்பள்ளியில் வீடு. தமிழ் பேச ஆள் கிடைத்ததில் அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். ராஜிக்கு மின்விசிறிக்கு அடியில் நாற்காலி போடச் சொன்னார். அய்யாக்கண்ணு ஆதார் அட்டையையும் வாக்காளர் அட்டையையும் ஊரார் அறுநூறு பேர் கையெழுத்திட்ட மனுவையும் மேசைமேல் வைத்தான். அவர் ஒவ்வொன்றையும் மரியாதையாகப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"இதெல்லாம் நீங்க நீங்கதான்னு காட்டும். அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா நீங்க அங்க இருக்கீங்கன்னு காட்டாது. அதுக்கு அந்த ஊர்ல வசிக்கிற ஒருத்தர் எங்களுக்குச் சான்று கொடுக்கணும்."

"நாங்கதான் சார் அங்க வசிக்கிறோம். இந்தா, அறுநூறு பேரு போட்டிருக்கோமே."

"அதத்தான் சொல்றேன். வசிக்காதவங்க கொடுக்கிற சான்றை நான் எப்படி எடுத்துக்கறது?"

அனந்தராமன் அவனுக்கு உதவ விரும்பினார். மாதிரிக்கு ஒரு படிவத்தை நிரப்பிப் பார்க்கலாம் என்று ராஜியிடம் என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டார். ராஜி சொல்லிக்கொண்டே போனாள். தண்ணீர் சேந்துவது, சோறாக்குவது, பூப்பண்ணைக்குப் போவது, திரும்பி வந்து விறகு பொறுக்குவது, நான்கு ஆடுகளைப் பார்த்துக்கொள்வது, மாமனார் இருந்தவரைக்கும் அவரைக் கழுவித் துடைத்துவிட்டது. பூப்பண்ணைக்கு இப்போதும் போகிறாளா என்று அவர் கேட்டார். வாந்தி அதிகமானதால் ஒரு மாதமாகப் போகவில்லை என்றாள். ஆடுகள் யாருடையவை என்றார். எங்களுடையவைதான் என்றாள். அடுத்தவர் ஆட்டை மேய்த்தால் வேலை, சொந்த ஆட்டை மேய்த்தால் அது வளர்ப்புப் பிரியம் என்று விளக்கி, 'வேலை செய்யாதவர்' என்று எழுதினார். ராஜி படிவத்தை எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியும்.

மேல்முறையீடு செய்யலாம், முடிவு வர மூன்று மாதம் ஆகும் என்றார் அனந்தராமன். அதுவரை சும்மா இருக்க முடியாமல், சனத்நகரிலேயே ஒரு பட்டறையில் சுமை ஏற்றி இறக்கும் வேலைக்கு அய்யாக்கண்ணு சேர்ந்தான். வாரத்துக்கு இரண்டு முறை பேரவைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வருவான். அவன் முகம் அங்கே பழகிவிட்டது.

இருபது நாள் கழித்து அனந்தராமனே போன் செய்தார். குரலில் மகிழ்ச்சி இருந்தது. வெள்ளாங்கரட்டுக்கு விருது கிடைத்திருக்கிறதாம். நாட்டிலேயே பசி இல்லாத, குற்றம் இல்லாத, குழந்தைத் திருமணம் இல்லாத, வேலையின்மையே இல்லாத முதல் கிராமம் அதுதான். விழாவுக்கு அவனும் வர வேண்டும், பின்வரிசையில் இடம் போட்டு வைக்கிறேன் என்றார்.

விழா பேரவையின் அரங்கில் நடந்தது. இயக்குநர் டாக்டர் சுதர்சன் ஆங்கிலத்தில் பேசினார். அனந்தராமன் அய்யாக்கண்ணுவின் பக்கத்தில் உட்கார்ந்து, காதருகே குனிந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

பசியை ஒழிக்கச் சோறு போட்டுப் பார்த்தோம், ஒழியவில்லை என்றார் இயக்குநர். வேலையின்மையை ஒழிக்க வேலை கொடுத்துப் பார்த்தோம், மேலும் பல பேர் வேலை கேட்டு வந்தார்கள். எல்லாத் திட்டமும் ஒரே இடத்தில்தான் போய் இடித்துக்கொள்கிறது. பயனாளிகள் என்கிற இடத்தில். முப்பது ஆண்டு ஆராய்ச்சியில் நான் கண்டது இதுதான். ஒரு கிராமத்தின் வளர்ச்சிக்குப் பெரிய தடை அதன் மக்கள். அந்தத் தடையைத் தாண்டிய முதல் கிராமம் வெள்ளாங்கரடு. மற்ற கிராமங்களும் இந்த நிலையை எட்ட வேண்டும். அதற்குப் பேரவை எல்லா உதவியும் செய்யும்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. விருதை வாங்கிக்கொள்ள யாரும் இல்லாததால் மேடையில் ஒரு காலி நாற்காலிக்கு மாலை போட்டார்கள்.

அய்யாக்கண்ணு எழுந்தான். எழுந்துவிட்டான் என்பது அவனுக்கே எழுந்த பிறகுதான் தெரிந்தது. தான் அந்த ஊர்க்காரன் என்றும், ஊரில் அறுநூற்று நாற்பத்தொரு பேர் இருக்கிறார்கள் என்றும், பேருந்தும் செவிலியரும் வேண்டும் என்றும் தமிழில் சொன்னான். கூட்டம் இன்னும் பலமாகத் தட்டியது. கலைக்குழு ஆள் என்று நினைத்துக்கொண்டார்கள். யாரோ ஓடிவந்து அவன் தலையில் ஒரு முண்டாசைக் கட்டி, பத்திரிகைக்காரர்களுக்குப் படம் எடுக்க வசதியாக ஒரு மண்வெட்டியைக் கையில் கொடுத்தார்கள்.

அதன் பிறகு இயக்குநர் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார். அவருக்கும் தமிழ் வந்தது.

"உங்க வலி எனக்குப் புரியறது. ஆனா யோசிச்சுப் பாருங்க. நீங்க இருக்கேள்னு நான் எழுதினா, நாளைக்கு உங்கள்ல ஒருத்தருக்குப் பசிக்கும். இன்னொருத்தர் வேலை இல்லம்பார். ஒரு விருது வாங்கின ஊரை அந்த நிலைமைக்குக் கொண்டுவரணும்னு கேக்கறேளா?"

"என் சம்சாரம் மாசமா இருக்கா சார்" என்றான் அய்யாக்கண்ணு.

இயக்குநர் அவனை வாழ்த்தினார்.

மேல்முறையீடு ஒருவழியாக ஏற்கப்பட்டது. அனந்தராமன் கையெழுத்துப் போட்டு மறுமதிப்பீட்டுக்கு உத்தரவிட்டார். இந்த முறை எல்லோரும் வீட்டிலேயே இருங்கள், வேலைக்குப் போய்விட்டு அப்புறம் எங்கள்மேல் குறை சொல்லாதீர்கள் என்று தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அய்யாக்கண்ணு ஊருக்குப் போன் செய்தான். எந்த நாள் என்று தெரியாததால் ஊர் ஒட்டுமொத்தமாக வேலைக்குப் போகாமல் காத்திருந்தது. பூப்பண்ணைக்காரன் நான்கு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஊரிலிருந்து பெண்களை எடுத்துக்கொண்டான். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. ஆடுகளைக் கரட்டுக்கு ஓட்டவில்லை. அவை கட்டிய இடத்திலேயே கத்திக்கொண்டு நின்றன. கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எல்லோரும் நல்ல துணி உடுத்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார்கள்.

ஐந்தாம் நாள் பத்து மணிக்கு ஜீப் வந்தது. மதிப்பீட்டாளர்கள் வீடு வீடாக எண்ணினார்கள். ராஜியும் அய்யாக்கண்ணுவும் ஐதராபாத்தில் இருந்ததால் அறுநூற்று முப்பத்தொன்பது பேர் தேறினார்கள். ஒவ்வொருவரிடமும் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஒன்றுமில்லீங்க, உங்களுக்காகத்தான் உட்கார்ந்திருக்கோம் என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். பொய் சொல்லக் கூடாது என்று அய்யாக்கண்ணு போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

அறிக்கை வந்த அன்று அனந்தராமன் அவனை உட்கார வைத்து, வரிவரியாகப் படித்துக் காட்டினார். காணப்பட்டவர்கள் அறுநூற்று முப்பத்தொன்பது. வேலை செய்பவர்கள் பூஜ்யம்.

"இருக்காங்கன்னு எழுதிட்டீங்களே சார். அது போதும்" என்றான் அய்யாக்கண்ணு.

"முழுசா கேளுங்க" என்று அவர் மேலே படித்தார். வேலை செய்யும் ஒருவர்கூட இல்லாமல் அறுநூற்று முப்பத்தொன்பது பேர் ஓர் ஊரில் உயிர்வாழ முடியாது. ஆகவே இவர்கள் அந்த ஊரில் வாழ்பவர்களாக இருக்க முடியாது. நல்ல உடை அணிந்து கூட்டமாக உட்கார்ந்திருந்ததையும், குழந்தைகள் பள்ளிக்குப் போகாததையும் பார்க்கும்போது, ஏதோ ஒரு விழாவுக்காக வெளியூரிலிருந்து வந்து கூடியவர்கள் என்று தெரிகிறது. வெள்ளாங்கரடு மக்கள் வசிக்காத கிராமமாகவே தொடரும்.

அய்யாக்கண்ணு அறிக்கையை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். படியில் இறங்கும்போது மூன்றாவது மாடியா இரண்டாவது மாடியா என்று தெரியாமல் நின்றான். வீட்டுக்குப் போனதும் அக்கா என்ன ஆயிற்று என்று கேட்டாள். அவனால் திருப்பிச் சொல்ல முடியவில்லை. படித்துக் காட்டியபோது எல்லாம் சரியாக இருந்தது. எந்த இடத்தில் தவறு என்று அவனுக்குப் பிடிபடவில்லை. ராஜி தாளை வாங்கிப் படித்தாள்.

"நம்ம ஊரு ஆளுங்க வேலைக்குப் போனா ஊர்ல இல்ல. ஊர்ல இருந்தா ஊர்க்காரங்க இல்ல" என்றாள். "விடுங்க. சோறு தின்னுங்க."

அடுத்த வாரம் செகந்திராபாத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் ராஜிக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். கனகவல்லி சுபாஸ்ரீ என்று பெயர் வைத்தாள். பிறப்பைப் பதிவு செய்த எழுத்தர் நிரந்தர முகவரி கேட்டபோது, அய்யாக்கண்ணு நாக்குப் பழக்கத்தில் வெள்ளாங்கரடு என்று சொன்னான். அந்த மருத்துவமனைக் கம்ப்யூட்டரில் அந்த ஊர் இருந்தது. அவர்கள் பட்டியலை இன்னும் புதுப்பிக்கவில்லை.

பதினோராம் நாள் அனந்தராமன் ஓர் இனிப்புப் பெட்டியோடு கனகவல்லியின் வீட்டுக்கே வந்துவிட்டார். பிறப்புப் பதிவு தானாகப் பேரவைக்கு வந்து சேர்ந்திருந்தது. பிறப்பை மட்டும் பேரவையால் மறுக்க முடியாது, அது வேறு சட்டம். வெள்ளாங்கரட்டில் இப்போது மக்கள்தொகை ஒன்று. ஊர் மறுபடியும் பட்டியலில் வந்துவிட்டது. இதைத் தன் சொந்த வெற்றியைப்போல் சொன்னார். அவருக்குக் கண்கூடக் கலங்கியது.

அய்யாக்கண்ணு, அப்படியானால் ஊரில் மற்றவர்கள் எல்லோரும் யார் என்று கேட்டான்.

நீங்கள் குழந்தையின் விருந்தினர்கள் என்றார் அவர். வசிக்கும் ஒருவரின் சம்மதம் இருந்தால், வசிக்காதவர்கள் தொண்ணூறு நாள்வரை அந்த ஊரில் தங்கலாம். பிறகு புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அதற்கான படிவத்தையும் கொண்டுவந்திருந்தார். அறுநூற்று நாற்பத்தொரு விருந்தினர்களின் பெயரையும் அலுவலகத்திலேயே தட்டச்சு செய்து இணைத்துவிட்டார். மேல்முறையீட்டோடு வைத்த ஊரார் மனுவும் மறுமதிப்பீட்டுப் பட்டியலும் அதற்குப் பயன்பட்டன. இனி வேண்டியது குழந்தையின் சம்மதம் மட்டும்தான். தகப்பன் கையெழுத்துப் போடட்டுமா என்று கனகவல்லி கேட்டாள். காப்பாளரும் அந்த ஊரில் வசிப்பவராக இருக்க வேண்டும் என்றார் அனந்தராமன். பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்தார்.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. விரல்களை இறுக மூடியிருந்தது. அவர் பக்குவமாக ஒவ்வொரு விரலாகப் பிரித்துக் கட்டைவிரலை மையில் தொட்டு, பதினான்கு பக்கங்களிலும் வைத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு மிளகு அளவுக்குக் கறுப்பாக விழுந்தது. ராஜி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். பேருந்து வரவில்லை. ஓர் ஆளுக்குப் பேருந்து விட விதியில்லை. ரேஷன் கடையும் வரவில்லை. குழந்தைக்கு அரிசி ஒதுக்க வயது போதவில்லை. ஆனால் லூர்துமேரி வந்தாள். டேப்பில் ஊர் வந்துவிட்டது. தடுப்பூசி போட வேண்டிய ஒரு குழந்தை இருக்கிறது என்று அது அவளை வியாழக்கிழமை வியாழக்கிழமை விரட்டியது.

முதல் வாரம் வந்தபோது அறுபது பேர் வரிசையில் நின்றார்கள். லூர்துமேரி கருவியைப் பார்த்தாள். வரிசையைப் பார்த்தாள். வருபவர்களுக்குத் தருகிற ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு பெயர் வேண்டும். அவளிடம் இருந்தது ஒரே ஒரு பெயர்தான்.

"பாப்பா பேர்லயே போட்டுக்கறேண்ணே. ஒண்ணும் ஆகாது" என்றாள் அய்யாக்கண்ணுவிடம்.

அய்யாக்கண்ணு வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வரிசையில் சந்தானம் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். அவருக்கு அடுத்து, ஐந்து மாதக் கர்ப்பிணி வள்ளியம்மாள் ரத்தமே இல்லாத முகத்தோடு நின்றிருந்தாள். சரி என்று தலையாட்டினான். மூன்று மாதத்தில் ஊரில் பலர் தேறினார்கள். வள்ளியம்மாள் இரும்புச்சத்து மாத்திரை தின்று முகம் தெளிந்தாள். அந்த மூன்று மாதமும் ஊர் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

பிறகு ஐதராபாத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது. சுபாஸ்ரீயின் பெயருக்கு வந்திருந்தது. வெள்ளாங்கரட்டின் மொத்த மக்கள்தொகையும் முழங்கால் வலி, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கண்புரை, இரண்டு கால்முறிவு, மூன்று கர்ப்பம் ஆகியவற்றால் ஒரே சமயத்தில் பாதிக்கப்பட்டிருப்பது பேரவையின் கவனத்துக்கு வந்துள்ளது. இத்தனைக்கும் இடையில் வேலைப் பங்கேற்பு பூஜ்யமாகவும் எழுத்தறிவு பூஜ்யமாகவும் இருக்கிறது. ஒரு காலத்தில் விருது பெற்ற கிராமம், நாட்டிலேயே கடைசி இடத்துக்கு வந்ததன் காரணத்தை விளக்க, கிராம மக்கள் வல்லுநர் குழுவின் முன் நேரில் வர வேண்டும். தவறினால் ஊர் பட்டியலிலிருந்து நீக்கப்படும்.

ஊரார் வேனுக்குச் சொல்லி ஏற்றிவிட்டார்கள். லூர்துமேரி அழுதாள். தன்னால்தானே என்றாள். அய்யாக்கண்ணுவுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. யார்மேல் கோபப்படுவது என்று ரயிலில் வழிநெடுக யோசித்துப் பார்த்தான். பேரவையில் அவனிடம் ஒருவர்கூடக் கடிந்து பேசியதில்லை.

விசாரணை ஆறாவது மாடியில். நீள மேசைக்குப் பின்னால் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இயக்குநர். எதிரில் ஒரு நாற்காலி, ஒரு ஒலிவாங்கி, ஒரு தம்ளர் தண்ணீர். அய்யாக்கண்ணு குழந்தையை ஏந்தியபடி உள்ளே காலை வைத்தான். பின்னால் ராஜி வந்தாள். அனந்தராமன் வாசலிலேயே இருவரையும் நிறுத்தினார்.

"உள்ள கிராம மக்கள் மட்டும்தான். தப்பா எடுத்துக்காதீங்க. விருந்தினர்கள் வெளியில இருக்கணும்."

"அது பச்சப்புள்ள சார். பால் குடிக்கிற நேரம்" என்றாள் ராஜி.

"நான் பாத்துக்கறேம்மா. எனக்கும் பேத்தி இருக்கா" என்றார் அவர். குழந்தையின் தலையைத் தாங்கிப் பிடித்து வாங்கத் தெரிந்திருந்தது அவருக்கு.

கதவு சாத்திக்கொண்டது. இருவரும் சுவரோரம் நின்றார்கள். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு யாரோ கேள்விகளை வரிசையாகப் படிக்கும் குரல் கேட்டது. குழந்தை சிணுங்கியது. அடுத்த கேள்விக்கு வீரிட்டு அழுதது. ராஜியின் ரவிக்கை நனைந்தது. அவள் கதவில் கையை வைத்தாள். பியூன் வேண்டாம் என்று தலையசைத்தான். அய்யாக்கண்ணு அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

உள்ளே அழுகை கூடிக்கொண்டே போனது. அதற்கு மேலாக இயக்குநரின் குரல், பொறுமையாக, மரியாதையாகக் கேட்டது.

"அவசரமில்ல, நிதானமா சொல்லட்டும். ஒண்ணு விடாம எழுதிக்கோங்கோ."